உரிமம் இல்லாத கத்தி

சென்ற மாதம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், பத்தாம் வகுப்பில் பயிலும் பீடச் சிறுவன் ஒருவன் நம் அறை வாயிலில் வந்து தயங்கி நின்றான். கையில் தடித்த படக்கதைப் புத்தகங்கள் மூன்று. அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடப் போவதாக அவன் தாயார் சொல்லியிருக்கிறாராம். நாம் படித்துப் பார்த்து, "கெட்ட புத்தகம் அல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவை பிழைக்கும் என்பது அவன் விண்ணப்பம். புத்தகங்களுக்கு உயிர்ப்பிச்சை கேட்க வந்தவன், புறப்படும்போது நம்மிடம் ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் போனான்.

"ஃபாதர், லைசென்ஸ் இல்லாத டாக்டர் ஒருத்தர் ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்தினா, அது பாவமா?"

மறைக்கல்விப் புத்தகத்தில் இதற்கு நேரான விடை கிடையாது. எனவே, அன்பு வாசகர்களே, நாம் படக்கதை படிக்க உட்கார்ந்தோம். ஐம்பது வயதைத் தாண்டியபின் இது ஒரு புது அனுபவம். ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பது புரிவதற்குள் ஒரு நோயாளி குணமாகி, பிறகு அறுவைக்குட்பட்டு, அதன்பின் நோயுற்றுவிட்டார்!

கதையின் பெயர் 'பிளாக் ஜாக்'. வரைந்தவர் ஓசாமு டெசுகா. 1928-இல் பிறந்து 1989-இல் மறைந்த இவர், ஜப்பானியப் படக்கதையின் தந்தை என்று போற்றப்படுபவர். ஒசாகாவில் மருத்துவம் பயின்று தேறியவர். ஆனால் கத்தியை விடுத்துத் தூரிகையை எடுத்துக்கொண்டார். 1973 முதல் 1983 வரை ஒரு சிறுவர் வார இதழில் வந்த இத்தொடரின் நாயகன் ஒப்பற்ற அறுவை மருத்துவன். பிறர் கைவிட்ட உயிர்களை மீட்பவன். ஆனால் மருத்துவம் செய்ய அவனுக்கு உரிமம் இல்லை. செல்வரிடம் கோடிக்கணக்கில் கட்டணம் கேட்பான். ஏழை ஒருவன் உண்மையாகத் தவிப்பதைக் கண்டால் வாங்காமலே போய்விடுவான். சிறுவயதில் வெடிவிபத்தில் சிதைந்த அவன் உடலை ஒரு நல்ல மருத்துவர் தைத்துச் சேர்த்தார். அப்போது அவன் முகத்துக்குத் தோல் தந்தவன் ஆப்பிரிக்கக் குருதி கலந்த ஒரு பள்ளித் தோழன். ஆகவே அவன் முகம் இரு நிறம். நடுவே தையல் தழும்பு.

இந்த இரு நிற முகத்தைக் கண்டதும் நமக்குத் திடுக்கிட்டது. குருமட நாள்களிலிருந்து நாம் அறிந்த ஒரு படம் நினைவுக்கு வந்துவிட்டது. உரோமைத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் கோஸ்மாஸ், தமியான் என்று இரு பெயர்களைச் சொல்லுகிறோமே, அவ்விருவரும் உடன்பிறந்த மருத்துவர்கள். நோயாளியிடம் காசு வாங்காதவர்கள் என்பதனால் கிழக்குத் திருச்சபை அவர்களை 'வெள்ளிக்காசு தொடாதவர்' என்றே அழைக்கிறது. அவர்கள் மறைந்து பன்னெடுங்காலத்துக்குப் பின் நடந்ததாக ஒரு பழங்கதை உண்டு. உரோமையில் அவர்கள் பெயரால் எழுந்த கோயிலின் பணியாளர் ஒருவரின் கால் அழுகிப்போயிற்று. புனிதர் இருவரும் கனவில் தோன்றி, அன்று புதைக்கப்பட்டிருந்த கருநிற மனிதர் ஒருவரின் காலை எடுத்து இவருக்குப் பொருத்தினராம். விழித்தெழுந்தவருக்கு ஒரு கால் வெள்ளை, மறு கால் கறுப்பு. ஃபிரா ஆஞ்செலிக்கோ முதலிய ஓவியர்கள் இதை வரைந்திருக்கிறார்கள். டெசுகா இந்தப் படத்தைப் பார்த்திருப்பாரோ என்னவோ, அது நம் ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று. ஆனால், இறந்தவரின் உறுப்பு இருப்பவருக்கு வாழ்வளிக்கும் என்னும் எண்ணம், அறுவைக் கூடத்தில் நிறைவேறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கோயில் சுவர்களில் இருந்திருக்கிறது. அந்தக் கருநிற மனிதரின் பெயரை மட்டும் கதை சொல்வதில்லை.

நம் ஊரிலும் அப்படி ஒரு மருத்துவர் இருந்தாரா என்று பையன் கேட்கவில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையின் முகப்பில் ஒரு சிலை நிற்கிறது. மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அங்கே போகும் நம் மக்களில் பலர், அது யாரோ அரசியல் தலைவர் என்று எண்ணி நடந்துவிடுகிறார்கள். அவர் டாக்டர் ரங்காச்சாரி. 1882-இல் கும்பகோணத்தை அடுத்த சருக்கையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அரசுப் பணியில் பேர் பெற்று, பிறகு அதை உதறித் தனியே தொழில் நடத்தினார். விடியுமுன்பே அறுவையைத் தொடங்கிவிடுவாராம். வெளியூர் நோயாளிகளிடம் விரைந்து செல்வதற்காகச் சொந்தமாக விமானம் வைத்திருந்தார்.  1930-களில் இதைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஜமீன்தாரிடம் கைநிறைய வாங்குவார், கூலிக்காரனுக்குச் சும்மா செய்வார் என்று அவரைப் பற்றி நம் ஊரில் வழங்கும் பேச்சு, படக்கதை நாயகனுக்கு அப்படியே பொருந்துகிறது. 1934-இல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. உரிமம் மட்டும் அவருக்குக் குறைவற இருந்தது.

ரங்காச்சாரி பிறப்பதற்கு இரண்டாண்டு முன், 1880-இல், இத்தாலியில் பிறந்தவர் ஜுசேப்பே மொஸ்காத்தி. நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர். 1987-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் காத்திருப்பு அறையில் ஒரு கூடை இருக்கும். இருப்பவர் போடலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். வாங்குவதிலும் கொடுப்பதிலும் மருத்துவரின் கண்ணே படாத ஏற்பாடு. நமக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. ஏனெனில், செல்வனிடம் பிடுங்கி ஏழைக்கு விடுவது கேட்க இனிமையாயினும், யார் செல்வன், யார் ஏழை என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு தனி மனிதனிடம் சேர்கிறது. அடையாற்றில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தையும், அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு 1955 முதல் அங்கே உழைத்து 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவையும் அறியாதவர் யார்? டாக்டர் சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ மருத்துவ சேவை மன்றமோ வருமானத்துக்கேற்ற கட்டணம் என்பதை விதியாகவே எழுதி வைத்தது. விதியாக எழுதிவிட்டால் கதைக்குச் சுவையில்லை. யாரும் படக்கதை வரையமாட்டார்கள்.

உரிமம் என்பது என்ன? சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்ததே 1914-இல்தான். அதற்கு முன் கை ராசியும் ஊர்ப் பேச்சுமே உரிமம். 1794-இல் லண்டன் இதழொன்றில் வந்த ஒரு செய்தியை அறுவை மருத்துவ வரலாறு எழுதுவோர் விடாமல் குறிப்பிடுவர். ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். புனே நகரத்துக் குயவர் குலத்தவர் ஒருவர், அவர் நெற்றித் தோலைக் கீழே மடித்துப் புதிய மூக்கைச் செய்து கொடுத்தார். இதைப் படித்து ஆராய்ந்த கார்ப்பியூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் லண்டனில் அவ்வறுவையைச் செய்துகாட்டினார். உலகத்துக்கு மூக்கு ஒட்டக் கற்றுக்கொடுத்த அந்தக் குயவருக்கு எந்தக் கல்லூரியின் சான்றும் இல்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பகுதியில் தெருவுக்குத் தெரு 'புத்தூர் கட்டு' என்ற பலகை தொங்குகிறது. நம் பாடகர் குழுத் தலைவர் லஸ் முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியபோது, நாம் மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். அவர் முட்டைப் பற்றும் மூங்கில் பத்தையுமாகத் திரும்பி வந்தார். உயிர்ப்புத் திருநாளுக்கு ஆர்மோனியம் வாசித்தார். அதே இடத்தில் கட்டிக்கொண்ட வேறொரு பெரியவரின் முழங்கை இன்றுவரை நேராக நீளவில்லை. முன்னவரை நாம் எல்லாருக்கும் எடுத்துக்காட்டுகிறோம். பின்னவர் தம் கையைத் துண்டால் மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருகிறார்.

உரிமம் பெற்றவரே சட்டத்தின் எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டில் நடந்தேறிய உண்மைச் செய்தி ஒன்றுண்டு. அசாமைச் சேர்ந்த தனிராம் பரூவா பிரிட்டனில் பயிற்சி பெற்ற இதய அறுவை மருத்துவர். செயற்கை இதய வால்வுகளை ஆராய்ந்தவர். குவாஹாத்தியை அடுத்த சோனாப்பூரில் சொந்த நிலையம் வைத்திருந்தார். 1997 ஜனவரி முதல் நாளன்று, ஹாங்காங்கிலிருந்து வந்த மருத்துவர் ஜோனாதன் ஹோவுடன் சேர்ந்து, இதயத்தில் பிறவிக் குறையுள்ள 32 வயது மனிதருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். நோயாளி ஏழு நாள் உயிரோடிருந்தார். பிறகு இறந்தார். மருத்துவர் இருவரும் கைதாயினர். பரூவா 40 நாள் சிறையிலிருந்தார். அவருடைய நிலையம் சூறையாடப்பட்டது. 25 ஆண்டுகள் சென்று, 2022 ஜனவரியில், அமெரிக்காவின் மேரிலாந்தில் 57 வயது மனிதர் ஒருவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. இரண்டு மாதம் வாழ்ந்தார். உலகம் முழுதும் அதனைப் புகழ்ந்தது.

அப்படியானால் பரூவாவைத் தண்டித்தது தவறா? நம் ஊர்ப் பத்திரிகைகள் சில அவ்வாறே எழுதின. நாம் உடன்படமாட்டோம். மேரிலாந்துப் பன்றியின் மரபணுக்களில் பத்து மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன, மனித உடல் அவ்வுறுப்பை எதிரி என்று எண்ணித் தாக்காதிருக்கும் பொருட்டு. அதற்கு முன்னே ஆண்டுக்கணக்கில் விலங்குகளிடையே சோதனை. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி அனுமதி. எல்லாவற்றையும் பிறர் படித்துச் சரிபார்க்கத் தக்க ஏடுகள். சோனாப்பூரில் துணிவு இருந்தது. அந்த ஏடுகள் இல்லை. படக்கதையில் நாயகன் தோற்பது அரிது, ஏனென்றால் வரைபவர் அவன் பக்கம். சோனாப்பூரில் மேசைமேல் கிடந்தவருக்கு வரைபவர் எவரும் துணையில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நமக்கு நேர்ந்ததை மறைத்தால் நேர்மையாகாது.

2006-ஆம் ஆண்டு. அப்போது நாம் வேறொரு பங்கில் இருந்தோம். ஒரு நாள் மாலைத் திருப்பலிக்குப் பின் ஒரு தகப்பனார் வந்தார். அவருடைய மகனுக்கு 24 வயது. இரு சிறுநீரகங்களும் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தாயின் சிறுநீரகம் பொருந்தவில்லை, தகப்பனாருக்குச் சர்க்கரை. வீட்டை விற்றாயிற்று. சிறுநீரகம் தர ஒரு பெண் முன்வந்திருக்கிறார், வடசென்னையைச் சேர்ந்தவர். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் உறுப்புத் தரவேண்டுமானால், காசுக்காக அன்று, அன்பினால்தான் என்று அரசு நியமித்த குழு மனநிறைவு கொள்ளவேண்டும். "சாமி, அந்தம்மா பத்து வருஷமா எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சவங்கன்னு கோயில் லெட்டர்ல ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்" என்றார்.

அந்தப் பெண் வெளியே, கெபிக்கருகே நின்றிருந்தார். நீலச் சேலை. எவ்வளவு தருகிறீர்கள் என்று நாம் கேட்டோம். தகப்பனார் தலை குனிந்தார். நாம் எழுத மறுத்துவிட்டோம்.

சட்டம் வருமுன் சென்னையில் சிறுநீரகம் பகிரங்கமாகவே விலைபோயிற்று. வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் வந்த காலம் அது. 2001-இல் ஆராய்ச்சியாளர்கள் இந்நகரில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டனர். முடிவு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூவர் இன்னமும் கடனில். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 79 பேர் சொல்லமாட்டோம் என்றனர். 2007 ஜனவரியில் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் பெண்கள் இடுப்புத் தழும்புகளைப் பத்திரிகையாளரிடம் காட்டியபோது, நாம் அன்று மறுத்தது சரி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

ஆனால் மகன் எட்டு மாதத்தில் இறந்துபோனான். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவர் நாமே. கல்லறைத் தோட்டத்தில் முதற்பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது தகப்பனார் நம்மைப் பார்க்கவில்லை. அதன்பின் நாம் அங்கிருந்தவரை அவர் அந்தக் கோயிலுக்கு வரவில்லை; ஆட்டோ பிடித்து வேறு கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

இரண்டே ஆண்டுகள் கழிந்து, 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் 15 வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைத் தந்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீசார் வழி ஒதுக்க, இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குத் துடித்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் இறந்தவரின் உறுப்பைப் பெற்று வரிசைப்படி வழங்கும் அரசுத் திட்டமும் முறையாக இயங்கத் தொடங்கியது. காசு இல்லை, தரகன் இல்லை, கடிதம் இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டிலேயே உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில், இத்தகைய கொடையை உண்மையான அன்புச் செயல் எனப் போற்றி, உறுப்பை விலைப்பொருளாக்குவதைக் கண்டித்திருந்தார். 2008-இல் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஊரெல்லாம் அழுதது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு பையனுக்காக. அவனுக்கு அப்போது 26 வயது ஆகியிருக்கும்.

சென்ற ஞாயிறு நம் பீடச் சிறுவன் விடைக்காக வந்தான். அவன் தாயாரிடம், புத்தகம் கெட்டதன்று, ஆனால் இரத்தம் கொஞ்சம் அதிகம் என்று முன்னமே சொல்லியிருந்தோம். அவனுக்கோ, பாவம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெயர்களை விடுத்து, 2006-இல் நடந்ததைச் சொன்னோம். காது கொடுத்துக் கேட்டான். தகப்பனார் மேல் அவனுக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். நம்மேல் கோபம் வரும் என்றும் எதிர்பார்த்தோம்.

"அந்த நீலப் புடவை அம்மா பேர் என்ன ஃபாதர்? அப்புறம் அவங்க கடன் என்னாச்சு?" என்றான்.

அன்று நாம் அவரை உள்ளே கூப்பிடவேயில்லை. தகப்பனாரோடு பேசி முடித்து வெளியே வந்தபோது கெபியருகே எவரும் இல்லை. பெயரைக் கேட்க நமக்குத் தோன்றவுமில்லை. பையனிடம் அப்படியே சொன்னோம். அவன் புத்தகங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் நான்காம் பாகம் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். கொண்டுவா என்றோம்.